அட்ராக்டாவிடம் ஒரு நல்ல வார்த்தை

அட்ராக்டா ரோசிட்டரிடம் ஒரு குதிரையைப் பற்றி நல்ல வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற காரியம். எங்கள் வெக்ஸ்ஃபர்ட் பக்கத்தில் தடை தாண்டும் குதிரைகளைப் பழக்குகிறவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. எல்லோரும் பொய் சொல்வார்கள். இவளும் சொல்வாள், ஆனால் தலைகீழாகச் சொல்வாள்.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இளவயதில் குதிரையிலிருந்து விழுந்து அடிபட்ட இடுப்பு ஈரம் பட்டால் முனகும். எங்கள் ஊரில் ஈரம் படாத நாள் எது? கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்த இரண்டு பேருக்கும் சேணத்தில் ஒழுங்காக உட்காரத் தெரியாது என்று காரணம் சொல்வாள். விடிந்ததும் செத்துப்போன அண்ணனின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு லாயத்துக்குள் நுழைந்தால், கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு குதிரையின் காலையும் முட்டியிலிருந்து குளம்பு வரை வெறும் கையால் தடவிப் பார்ப்பாள். எங்காவது சூடு தெரிகிறதா, வீக்கம் இருக்கிறதா என்று. விரல் விறைத்துப்போகும் குளிரிலும் அதை வேறு யாரிடமும் விட மாட்டாள். தடவும்போதே வாய் மட்டும் வைதுகொண்டிருக்கும். "சோம்பேறி. தண்டச்சோறு. உன்னைப் பெத்ததுக்கு உங்கம்மா ஒரு மூட்டை கேரட்டைப் பெத்திருக்கலாம்."

எங்கள் ஊரில் ஒரு பிராணியைப் புகழ்ந்தால் கூடவே கடவுள் பெயரையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கண் பட்டுவிடும். அட்ராக்டா இளமையில் ஒரே ஒரு தடவை ஒரு குதிரையை வாயாரப் புகழ்ந்தாள். கடவுள் காப்பாற்றட்டும் என்று முறையாகச் சேர்த்துத்தான் சொன்னாள். அடுத்த பந்தயத்திலேயே அது கடைசித் தடையில் கவிழ்ந்து, எழுந்திருக்கவே இல்லை. கடவுளுக்கே காது மந்தம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அன்றிலிருந்து பிடித்த குதிரையை வைவது, பிடிக்காததைத் தாராளமாகப் புகழ்வது என்று வழக்கத்தை மாற்றிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் பந்தயங்கள் முடிந்து ஜனவரி மழை பிடித்துக்கொள்ளும் சமயத்தில் ஊர் வானொலியிலிருந்து காஹல் சினட் மைக்கைத் தூக்கிக்கொண்டு வருவான். பந்தயப் பருவத்தில் பாதி ஓடிவிட்டது, ஈஸ்டர் வரை என்ன எதிர்பார்க்கலாம் என்று லாயம் லாயமாகக் கேட்பது அவன் வேலை. இந்த வருடமும் வந்தான். அட்ராக்டா முதலில் அவனை பிரதர் அல்ஃபோன்ஸ் என்கிற சாம்பல் நிறக் குதிரையிடம் கூட்டிப்போனாள்.

"தங்கமான பையன்," என்றாள். "சொன்ன பேச்சைக் கேப்பான். பாக்கவும் லட்சணமா இருக்கான். சகதி எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை, ஈஸ்டருக்குள்ள கண்டிப்பா ஒண்ணு ஜெயிச்சுக் குடுப்பான்."

மதுக்கடையில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். பிரதர் அல்ஃபோன்ஸ் பிறந்ததிலிருந்து எதையும் ஜெயித்ததில்லை.

அடுத்த கதவில் பழுப்பு நிறப் பெண்குதிரை ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பெயர் சண்டே ரோஸ்ட், அதாவது ஞாயிற்றுக்கிழமை வறுத்த இறைச்சி. கசாப்புக்கடை லோர்கன் கியோவின் குதிரை. கசாப்புக்காரன் வேறென்ன பெயர் வைப்பான்? போன இலையுதிர் காலத்தில் லோர்கன் மாரடைப்பில் போய்விட்டான்.

"இதைப் பத்திக் கேக்காத," என்றாள் அட்ராக்டா. "கழுதைக்குக் குதிரைத் தோல் போத்தி எங்கிட்ட தள்ளிட்டாங்க. தடையைப் பாத்தா கோவிச்சுக்குது. திங்கறதுல மட்டும் சூரப்புலி. மாசக் கடைசியில கவ்ரன் பார்க்ல ஓட விடலாம்னு இருக்கேன், ஊருக்கு முன்னால என் மானம் போறதுக்கு. அதுக்கப்புறம் ஈஸ்டருக்கு ஃபேரிஹவுஸ் பந்தயத்துக்குக் கூட்டிப் போவேன். அங்கயும் போய்ச் சிரிப்பாச் சிரிக்கட்டும்."

பாட்டு போடுகிற நேரத்தையும் விழுங்கிக்கொண்டு வைதாள். மதுக்கடையில் நாற்காலிகளை வானொலிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இவ்வளவு வசவை அவள் எந்தக் குதிரைக்கும் செலவழித்ததில்லை. கவ்ரன் பார்க்கில் யார் மேல் பந்தயம் கட்டுவது என்று அப்போதே ஊருக்கு முடிவாகிவிட்டது.

ஆனால் அந்த வானொலியைப் பிரிஸ்டலிலும் ஒருத்தி கைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தாள். லோர்கனின் மகள் ஃபிடெல்மா. பதினெட்டு வயதில் கப்பலேறிப் போனவள், பாலம் கட்டுகிற இன்ஜினியர். கசாப்புக்கடை மகன் டெக்லனுக்கு, குதிரை மகளுக்கு என்று லோர்கன் எழுதிவைத்திருந்தான். மறுநாள் அட்ராக்டாவுக்கு போன் வந்தது.

"ரேடியோவுல கேட்டேன்," என்றாள் ஃபிடெல்மா. "உங்களுக்கு அது இவ்வளவு பாரமா இருக்கும்னு எனக்குத் தெரியாது. கில்கெனிப் பக்கம் குட்டி போடறதுக்குக் குதிரை வெச்சுக்கற பண்ணை ஒண்ணுல கேட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை வண்டி வரும். நானும் வந்து அனுப்பிவெச்சிடறேன்."

அட்ராக்டாவுக்கு அனுப்பாதே என்று சொல்ல வந்தது. அனுப்பாதே என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொல்லத்தான் அவளுக்கு வாய் வராதே. "சரி" என்று வைத்துவிட்டாள். பிறகு தீவனக் கொட்டகைக்குள் போய் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெண்குதிரையைப் போல இன்னொன்று தன் ஆயுளில் வந்ததில்லை, இனி வரப்போவதுமில்லை என்று அவளுக்குத் தெரியும். அது போய்விட்டால் காலையில் எழுந்திருக்கவே மனசு வருமா என்றுகூடத் தோன்றியது.

அவளோடு ஆயுசு பூராவும் லாயத்தில் வேலை பார்க்கிற மாலக்கி காட் தேடிக்கொண்டு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"முதலாளியம்மா, அந்தப் பொண்ணு இந்த ஊரைவிட்டுப் போய் எத்தனை வருஷம் ஆச்சு? நீ வையறதை அவ நெசம்னு நம்பிட்டா. வெள்ளிக்கிழமை வந்தா நல்லதா நாலு வார்த்தை சொல்லு, போதும்."

"சொல்லி, கவ்ரன்ல விழுந்து கழுத்தை முறிச்சுக்கிட்டா?"

"சொல்லலைன்னா கவ்ரனுக்கே போகாது. எங்க, எங்கிட்ட சொல்லிப் பழகு பாக்கலாம்."

அட்ராக்டா தொண்டையைச் செருமினாள். "அவளுக்கு... காது ரெண்டும் இருக்கு."

"ரொம்ப நல்லா இருக்கு. மேல சொல்லு."

"கழுதைகளுக்கு நடுவுல நிறுத்தினா தனியாத் தெரியும்."

"நீ பேசாம டீயே குடு," என்றான் மாலக்கி.

வெள்ளிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. குதிரை ஏற்றுகிற வண்டி முற்றத்தில் நின்றது. ஃபிடெல்மா நகரத்துச் சப்பாத்தோடு சேற்றைத் தாண்டித் தாண்டி வந்தாள். அப்பனின் அதே அகலத் தோள், அதே முகவாய்க்கட்டை. சண்டே ரோஸ்ட் அவளுடைய மேல்கோட்டுப் பையை மோந்து பார்த்தது. அவள் கையைத் தூக்கினாள், தடவாமலே கீழே போட்டாள்.

அட்ராக்டா குதிரையின் முன்காலருகே குனிந்திருந்தாள். காலையிலிருந்து அதே காலைத்தான் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா," என்று ஆரம்பித்தாள். "இது வந்து... நாலு காலும் ஒழுங்கா..."

"பரவாயில்லை அட்ராக்டா. ரேடியோவுலயே சொல்லிட்டீங்களே."

"அது ரேடியோ."

"எங்கப்பாவும் உங்களை மாதிரிதான்." ஃபிடெல்மா குதிரையைக் காட்டினாள். "ஆனா இதுகிட்டயாவது ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து நின்னாரு. எங்கிட்ட அதுகூட இல்லை. லீவுல ஊருக்கு வந்தா கடையில வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாரு, இவளுக்கு ஒரு ஆணிகூட நேரா அடிக்கத் தெரியாதுன்னு. டெக்லன்னா மட்டும் தங்கமான பையன், சொன்ன பேச்சைக் கேப்பான். முப்பது வருஷமா இதையே கேட்டேன். கடைசியில கடை அவனுக்கு. எனக்கு என்ன? உங்க வாயாலயே சொன்னீங்களே, ஒரு கழுதை."

அட்ராக்டா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது ஆச்சரியம்தான். இவ்வளவு படித்த பெண் இதைக்கூடவா புரிந்துகொள்ளவில்லை?

"ரேடியோவுல நான் யாரைத் தங்கமான பையன்னு சொன்னேன்?"

"பிரதர் என்னமோ. அந்தச் சாம்பல் குதிரையை."

"அது என்னிக்காவது எதையாவது ஜெயிச்சிருக்கா?"

ஃபிடெல்மா பக்கத்துக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்கப்பன் இந்தக் கதவுல கையை ஊனிக்கிட்டு நிப்பான்," என்றாள் அட்ராக்டா. "நான் குதிரையை வைவேன். அவன் உன்னை வைவான். அவ பாலத்துல ஆடுகூட நடக்காதும்பான். பரீட்சையில காப்பியடிச்சுத்தான் பாஸ் பண்ணியிருப்பாம்பான். டெக்லனை அவன் ஒரு நாள்கூட வைஞ்சதில்லை. அவன்மேல யார் கண்ணு படப் போகுது?"

மாலக்கி எங்கோ பார்த்தபடி வைக்கோலைக் கூட்டிக்கொண்டிருந்தான். "பாலத்தைப் பத்திச் சொல்லு," என்றான்.

"எந்தப் பாலம்?" என்றாள் ஃபிடெல்மா.

"பிரிஸ்டல்ல நீ கட்டினியே, நடக்கறவங்களுக்குன்னு," என்றாள் அட்ராக்டா. "போன மார்ச்சுல நானும் மாலக்கியும் உங்கப்பனும் செல்ட்டன்ஹாம் பந்தயத்துக்குப் போயிருந்தோம். தங்கக் கோப்பை ஓடற அன்னிக்கு உங்கப்பன் வயித்து வலின்னு சொல்லிட்டு ரூம்லயே படுத்துட்டான். திரும்பி வர்றப்ப கப்பல்ல வெச்சுத்தான் வாயைத் திறந்தான். வயித்து வலியும் இல்லை, ஒண்ணும் இல்லை. ரயிலேறி உன் பாலத்தைப் பாக்கப் போயிருக்கான்."

எங்கள் ஊர்க்காரன் ஒருவன் இங்கிலாந்து வரை போய், தங்கக் கோப்பைப் பந்தயத்தைப் பார்க்காமல் விட்டான் என்றால், அதற்குமேல் அவனிடம் என்ன சாட்சி கேட்பது? மாலக்கிக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் ஆறாது.

"கைப்பிடிக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சிருக்கா, கண்றாவியா இருக்குன்னான்," என்றாள் அட்ராக்டா. "நடுவுல நின்னு குதிச்சுப் பாத்தானாம். ஆடவே இல்லையாம். அதுல வேற அவனுக்கு ஒரு கோவம். கப்பல் ரோஸ்லேர் வந்து சேர்ற வரைக்கும் அந்தப் பாலத்தை வைஞ்சுக்கிட்டே வந்தான்."

ஃபிடெல்மாவின் முகம் நனைந்திருந்தது. தூறல் என்று சொல்லிவிடலாம், ஆனால் அவள் கூரைக்கு அடியில்தான் நின்றிருந்தாள்.

"அங்கிருந்து என் ஆபீஸ் எட்டிப்பிடிக்கிற தூரம்," என்றாள். "வந்து என்னைப் பாத்திருக்கலாமே."

"உன்னைப் பாத்தா நல்லாருக்குன்னு சொல்லித் தொலைச்சுடுவானே," என்றாள் அட்ராக்டா. "அந்தப் பயத்துலதான் வரலை. நானும் அதே ஜாதிதான். இந்தக் குதிரை இந்த ஊர்ல..." அவள் வலது கை தன்னையறியாமல் குதிரையின் கழுத்தை இறுக்கிக்கொண்டது. "என்னால முடியலைம்மா. நீயா புரிஞ்சுக்கோ."

வண்டிக்காரர் முற்றத்திலிருந்து குரல் கொடுத்தார். "ஏத்தலாமாம்மா? இருட்டறதுக்குள்ள கில்கெனி போய்ச் சேரணும்."

ஃபிடெல்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனாள். இந்த முறை சேற்றைத் தாண்டவில்லை, நேராக மிதித்துப் போனாள். அவள் வண்டிக்காரரிடம் ஏதோ சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். மாலக்கி விளக்குமாற்றைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தான். ஏற்றுப்பலகை மேலே தூக்கிப் பூட்டப்பட்டது. வண்டி காலியாகவே முற்றத்தைவிட்டுத் திரும்பிப் போயிற்று.

ஃபிடெல்மா திரும்பி வந்து லாயத்து வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் உட்கார்ந்துகொண்டாள். சண்டே ரோஸ்ட் மறுபடி அவள் பையில் மூக்கை நுழைத்தது. இந்தத் தடவை அவள் அதைத் தடவிக்கொடுத்தாள்.

"வேற என்ன வைஞ்சாரு என்னை?" என்றாள். "ஒண்ணு விடாம சொல்லுங்க."