வெங்காய வேரும் எஸ்தர் மேடமும்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பேத்தி கவிதா போன் செய்தாள். “அம்மாயி, எஸ்தர் மேடம் போயிட்டாங்க” என்றாள். எங்கே என்று கேட்டுவிட்டேன். அவள் அழுத பிறகுதான் விளங்கியது.

அவரை நினைக்கக் கூடியிருக்கிற, அவரிடம் தாவரவியல் படித்த பிள்ளைகளே, உங்களுக்கு அவரை நிறையத் தெரியும். எனக்கு ஒரு பகல்தான் தெரியும்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். எங்கள் வீட்டில் எம்.எஸ்சி. வரை போன முதல் பிள்ளை கவிதா. கல்லூரி விடுமுறையானதால் கடைசி வருடச் சோதனையை மண்ணரையில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே வைத்திருந்தாள். மூன்று டம்ளர்களில் வேர்விட்ட வெங்காயம், அதில் ஏதோ மருந்து. “என்சைம் வேலை அம்மாயி, தொட்டுறாதீங்க” என்றாள். பனியன் கம்பெனியில் நான் பார்க்காத என்சைமா? துணியின் பிசிறைத் தின்கிற சரக்கு, பிஞ்சு வேரை விட்டுவைக்குமா? கம்பெனியில் எட்டு மணிச் சங்கு ஊதும்போது மருந்தைக் கொட்டி, வேரைக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

பத்து மணிக்குக் கவிதா பார்த்தாள். டம்ளர்கள் பளபளத்தன.

“யாரு தொட்டது?”

“எனக்கென்ன தெரியும் கண்ணு” என்றேன்.

இரண்டு நாளில் முடித்துக் கொடுக்க வேண்டும். புதிதாக வேர்விட வைக்க நேரமில்லை. தவறினால் ஒரு வருடம் போய்விடும். அவள் போன் செய்ததும், ஒயர் கூடையில் மைக்ராஸ்கோப்போடு மேடம் பஸ்ஸில் வந்து இறங்கினார். பிறந்த ஊர் தூத்துக்குடி. டம்ளரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“எத்தனை மணிக்குக் கழுவுனீங்கம்மா?”

“சங்கு ஊதறப்பங்க. எட்டு.”

“அப்பப் பொழைச்சோம், இன்னும் நேரம் இருக்கு. இது பனியன் என்சைம் இல்லம்மா, செல்லுக்குள்ளேயே இருக்கது. அது வேலை செஞ்சாத்தான் செல்லு ரெண்டாகும். மருந்து அதைக் கட்டிப் போட்டிருந்துச்சு, நீங்க அவுத்து விட்டுட்டீங்க. நின்னுகிட்டு இருந்த செல்லெல்லாம் இனி ஒரே நேரத்துல ரெண்டாப் பிரியும். நாம நேரத்தை விட்டுறக் கூடாது, அவ்வளவுதான்.”

மணிக்கொரு வேர்நுனி வெட்டிப் பார்த்தார்கள். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. ஒன்றுமில்லை. கவிதா என் பக்கம் திரும்பாமல் அடுத்த வேரை வெட்டினாள். மூன்று மணிக்கும் இல்லை. நான் சோறு போட்டேன், யாரும் தொடவில்லை.

நாலு மணி வேரை மேடம் வெகுநேரம் பார்த்தார். தலையைத் தூக்கி, கவிதாவை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். “நீங்க பாருங்கம்மா.” கட்டம் கட்டமாகச் செல்கள். பலவற்றில், மேடம் சொன்னபடியே, சிவப்பு நூல் துணுக்குகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றன.

எனக்குப் பின் குனிந்து பார்த்த கவிதா, “ஏ அம்மாயி” என்று என் தோளில் சாய்ந்தாள்.

யார் செய்தது என்று மேடம் கடைசிவரை கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டார். அதைத்தான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டில் எது கெட்டாலும் ‘யாரு’ என்று வாய்வரை வரும். அதை விழுங்கிவிட்டு, “எப்ப, கண்ணு?” என்கிறேன். பிள்ளைகள் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள்.