கை தேடிய விசை

அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கிய திங்கட்கிழமை அந்த அலுவலகத்தில் யாரும் வேலை பார்க்கவில்லை. இருபது பேருக்கு இருபது புதிய மடிக்கணினிகள். ஒவ்வொன்றும் விரல் தடிமன்கூட இல்லை. ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், பளபளக்கும் மூடியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள். ஆலைகளில் அடிபட்டவர்கள், கூலி மறுக்கப்பட்டவர்கள், காரணமின்றி வெளியே தள்ளப்பட்டவர்கள் கொண்டுவரும் புகார்களை விசாரிக்கும் இடம் அது. அன்று அங்கே கேட்ட ஒரே புகார், பெட்டியைப் பிரிக்கக் கத்தரிக்கோல் கிடைக்கவில்லை என்பதுதான்.

ரயில் அக்கா தன் பெட்டியை நகத்தாலேயே பிரித்தார். விசாரணை அறையின் மூலையில் உட்கார்ந்து, சாட்சிகள் பேசப் பேச வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்வது அவர் வேலை. அடிக்கிற வேகத்தால் வந்த பெயர் ரயில். நாற்பத்து மூன்று வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. இடது காதில் இயர்போன் மாட்டியிருப்பார். அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு வாசிப்புக் குரல் அதில் சொல்லும். வலது காது சாட்சிக்கு. பன்னிரண்டு ஆண்டுகளாக அப்படித்தான்.

தட்டச்சுப் பள்ளியில் சேர்ந்தபோது மற்ற மாணவர்களின் விசைகளைத் துணியால் மூடிவிட்டு, "பார்க்காம அடி! பார்க்காம அடி!" என்று ஆசிரியர் கத்துவாராம். அந்த வகுப்பில் அதற்காக ஒரு நாளும் திட்டு வாங்காதவர் அக்கா ஒருவர்தான். இதை அவர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

புதிய கணினியைத் திறந்து விரல்களை வைத்தார். நடு வரிசையில் இரண்டு விசைகளின் மேல் கடுகளவு மேடு இருக்கும். அதைத் தொட்டுத்தான் மற்ற விசைகளுக்கு வழி. மேடு இருந்தது. விரல்கள் மேல் வரிசைக்கு ஏறின. வழுக்கின. வாசிப்புக் குரலை நிறுத்தவும் ஏற்றி இறக்கவும் உதவும் பன்னிரண்டு விசைகள் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு கண்ணாடிப் பட்டை.

"என்னண்ணே இது, மேல் வரிசையைக் காணோம்? வர்ற வழியில எங்கயாவது கொட்டிடுச்சா?" என்று பக்கத்து மேசைக் கணக்கரைக் கேட்டார்.

"அது டச்சுக்கா. பார்த்து லேசாத் தொட்டா போதும்." சொன்ன பிறகுதான் கணக்கருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நாக்கைக் கடிக்காதீங்க, சத்தம் கேக்குது. இயர்போன் சொருகுற ஓட்டை எங்க?"

"ஓட்டை இல்லக்கா. வயர் இல்லாத இயர்போன்தான். இப்ப அதான் ஃபேஷன்."

"காதுல போடறது கம்மலா இயர்போனா? ஃபேஷனுக்கு என்ன வேலை?"

வயர் இல்லாத இயர்போன் ஒன்றை யாரோ கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு அடித்தார். அடித்த எழுத்து கால் நொடி கழித்துக் காதுக்கு வந்தது. பாட்டுக் கேட்பவருக்கு அந்தக் கால் நொடி ஒன்றுமில்லை. ஒரு நொடியில் ஏழெட்டு எழுத்து அடிப்பவருக்கு, தன் குரலே பின்னால் நின்று பழித்துக் காட்டுவதைப் போன்றது அது.

தலைமை அதிகாரி வந்தார். விசாரணைகளை நடத்துபவரும் அவர்தான். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்தால் சண்டை போடுவது எளிது. அவர் இரக்கப்படுகிறவர்.

"கஷ்டமா இருக்காம்மா? நான் யோசிச்சு வச்சிருக்கேன். தொலைபேசிப் பிரிவுக்குப் போயிடு. நிம்மதியா உட்கார்ந்தே இருக்கலாம்."

"இப்பவும் உட்கார்ந்துதான் சார் இருக்கேன்."

"அதில்லம்மா. எல்லாருக்கும் ஒரே மாடல்னு கொள்முதல் விதி. சமமா நடத்தணுமில்ல? பழசையெல்லாம் வியாழக்கிழமை காலையில எடுத்துட்டுப் போயிடுவாங்க. அன்னைக்கு விசாரணையைப் புதுசுல பண்ணிப் பாரு. முடியலைன்னா மறுநாள்லேருந்து தொலைபேசி."

பார்வை இல்லாமல் பிறந்ததை விதி என்று பெருமூச்சு விடுகிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இயற்கை எந்தக் கணக்கும் பார்த்து அதைச் செய்யவில்லை. ஆனால் விசை இல்லாத கணினியைத் தேர்ந்தெடுத்தது ஐந்து பேர் கொண்ட குழு, கையெழுத்தும் போட்டிருக்கிறது. அந்த விதி வானத்திலிருந்து விழவில்லை. இரண்டாம் மாடியில் தட்டச்சு செய்யப்பட்டது. அடித்தவரும் ரயில் அக்காவேதான்.

வீட்டில் கணவர் தையல் இயந்திரத்தை விட்டு எழாமலே கதையைக் கேட்டார். பள்ளிகளுக்கும் ஆலைகளுக்கும் சீருடை தைப்பவர்.

"ஒரே அளவுல இருபது சட்டை தைச்சா யாருக்குப் பொருந்தும் தெரியுமா?"

"யாருக்கு?"

"ஹேங்கருக்கு."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். "ஏங்க, அப்ப மத்தவங்களுக்கும் பொருந்தியிருக்காதே?"

"அளவு எடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப எப்படிப் பொருந்தும்? நாளைக்குப் போய்க் கேளு. ஆனா 'பிடிச்சிருக்கா'ன்னு கேக்காத. புதுச்சட்டை எவனுக்குப் பிடிக்காது? எங்க இறுக்குதுன்னு கேளு."

செவ்வாய்க்கிழமை அக்கா தன் கோலைத் தட்டிக்கொண்டு மேசை மேசையாகப் போனார். எல்லாரிடமும் ஒரே கேள்வி: "வேலை செய்யறப்ப உங்க கை எதைத் தேடுது?"

முதலில் எல்லாரும் "சூப்பரா இருக்குக்கா" என்றார்கள். புதன்கிழமை மதியத்துக்குள் வாய் திறந்துகொண்டது. கணக்கரின் வலது கை, ஓரத்தில் தனியாக இருக்கும் எண் விசைகளைத் தேடிக்கொண்டிருந்தது. மெல்லிய கணினியில் அதற்கு இடமில்லை. "ரெண்டு நாளா மேசையைத்தான்கா தட்டிக்கிட்டு இருக்கேன். பார்க்கிறவங்க ஏதோ தாளம் போடறேன்னு நினைக்கிறாங்க." விபத்து நடந்த ஆலைகளின் கேமராப் பதிவுகளை ஆராயும் படப்பிரிவுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "பத்து நிமிஷப் படத்தை ஓட்டினா சட்டி மாதிரி கொதிக்குது. அப்புறம் தூங்கிடுது. எழுப்பறதுக்குள்ள நான் தூங்கிடறேன்."

ஆலை ஆலையாகச் சுற்றும் ஆய்வாளர் அம்மாள் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "வெயில்ல திறந்தா என் மூஞ்சிதான் தெரியுது, அறிக்கை தெரியல. ஆனா ரயிலு, பொய் சொல்லக் கூடாது. பழசைச் சுமந்து தோள்பட்டை கழண்டு போயிருந்துச்சு. இது பஞ்சு மாதிரி இருக்கு. காலையில சார்ஜ் போட்டா சாயங்காலம் வரைக்கும் வருது. நான் ஒரு மரத்தடியைத் தேடிக்கறேன். என்கிட்ட இருந்து இதைப் பிடுங்கினா கடிச்சிடுவேன்."

"யாரும் பிடுங்கல. உங்க தோளுக்கு அது சரியான அளவு."

ஆக, கணினி நல்லதா கெட்டதா என்பது கேள்வியே இல்லை. யாருடைய தோளுக்கு, யாருடைய விரலுக்கு என்பதுதான். குழு கேட்காமல் விட்ட கேள்வியும் அதுதான்.

தலைமை அதிகாரிக்கு வந்திருந்தது இருபத்தொன்றாவது கணினி, தனி மாடல். பதவிக்கேற்ற கனம், பதவிக்கேற்ற விலை. சினிமாப் படமே அதில் வெட்டி ஒட்டலாம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். அவர் அதில் மின்னஞ்சல் படித்தார்.

வியாழக்கிழமை காலை பழைய கணினிகள் எல்லாம் ஒரு வண்டியில் ஏறின. பத்தரை மணிக்கு விசாரணை. சாட்சி, தகடு வெட்டும் பட்டறையில் வேலை செய்த பெண். இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல்களை இழந்தவர். எதிரே பட்டறை முதலாளியின் வழக்கறிஞர். மேடையில் தலைமை அதிகாரி தன் கனத்த கணினியைத் திறந்தார். அது ஏதோ அப்டேட் செய்யத் தொடங்கி, உள்ளே இருந்த இரண்டு விசிறிகளும் சேர்ந்து இரைந்தன. அறைக்குள் விமானம் கிளம்புவது போலிருந்தது.

சாட்சி மெதுவாகப் பேசுகிறவர். வாய் அசைவது தெரிந்தது. சொல் மேடைவரை போகவில்லை.

"சத்தமாச் சொல்லுங்கம்மா."

"எங்க பட்டறையே பரவாயில்லைங்க சார்" என்றார் அந்தப் பெண். அது மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

அக்கா அடித்துக்கொண்டிருந்தார். காதில் கால் நொடி தாமதமாக எழுத்துகள் துரத்திக்கொண்டு வந்தன. குரலை நிறுத்தினால் என்ன அடிக்கிறோம் என்று தெரியாது. கேட்டால் கை தடுமாறும். இரண்டில் கையை நம்பலாம் என்று முடிவு செய்து இயர்போனைக் கழற்றி மடியில் போட்டார். வலது காதை முழுதாகச் சாட்சியிடம் கொடுத்தார்.

இயந்திரத்தின் பாதுகாப்புத் தகட்டைக் கழற்றியது யார் என்ற கேள்வி வந்தது. வழக்கின் உயிரே அதில்தான் இருந்தது. சாட்சி பதில் சொன்னார். அதிகாரி காதில் கை வைத்து, "என்ன சொன்னாங்க?" என்றார்.

வழக்கறிஞர் எழுந்தார். "வேலை சீக்கிரம் முடியணும்னு தானே கழட்டினதா ஒத்துக்கிட்டாங்க சார்."

சாட்சியின் முகம் வெளிறியது.

"அப்படிச் சொல்லல சார்" என்றார் அக்கா.

"நீ அடிச்சதைப் படிம்மா."

இயர்போனை எடுக்கக் கையை நீட்டியபோது விரல் கண்ணாடிப் பட்டையில் உரசியது. எதை உரசியதென்று யாருக்குத் தெரியும்? இயர்போனின் தொடர்பு அறுந்து, ஒலி உச்சத்துக்குப் போய், கடைசியாக அடித்த வரிகளைக் கணினி தன் தட்டையான குரலில் அறை முழுக்கக் கேட்கும்படி முழங்கியது:

"தகட்டைக் கழற்றச் சொன்னவர் மேலாளளளர் முற்றுப்புள்ளி. கழற்றாவிட்டால் நாளைக்கு வராதே என்றாரர் முற்றுப்புள்ளி முற்றுப்புள்ளி முற்றுப்புள்ளி."

சாட்சி வாய்விட்டுச் சொன்னார்: "அட, நான் சொன்னது அப்படியே வருதே! அந்த முற்றுப்புள்ளி மட்டும் நான் சொல்லலைங்க."

அறையே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தார். வழக்கறிஞர் உட்கார்ந்தார். அதிகாரி தன் கணினியை மூடினார், விமானம் இறங்கியது. கேள்வியை மறுபடி கேட்டார்; சாட்சி அதே பதிலைச் சொன்னார்; இந்த முறை எல்லாருக்கும் கேட்டது.

இடைவேளையில் அதிகாரி தன் அறையில் அக்காவைப் பாராட்டினார். "பார்த்தியாம்மா? உன்னால முடியுதே! புதுசுலயே பிரமாதப்படுத்திட்டியே. அப்புறம் எதுக்கு மாத்தணும்?"

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லி, நாற்காலி தப்பியது என்று வந்திருப்பார்கள். அக்கா நின்றார்.

"இன்னைக்கு முதல் பக்கத்துல முப்பத்தொரு பிழை சார். பன்னிரண்டு வருஷமா பக்கத்துக்கு ஒண்ணுக்கு மேல வந்ததில்ல. நான் என்ன அடிச்சேன்னு எனக்கே அது கத்தினப்பதான் தெரிஞ்சுது. ஒருத்தி ஓட்டைப் படகுல கரை சேர்ந்துட்டாங்கிறதுக்காக அது நல்ல படகாயிடுமா? அந்தம்மாவோட ரெண்டு விரலுக்கு நியாயம் கிடைக்கிறது என் அதிர்ஷ்டத்துல இருக்கக் கூடாது சார்."

"உனக்கு மட்டும் தனியா வாங்கினா மத்தவங்க கேப்பாங்களேம்மா."

"கேக்கணும் சார். வெளியில நிக்கிறாங்க."

கதவருகே கணக்கரும் படப்பிரிவுக்காரரும் நின்றிருந்தார்கள். பின்னால் எட்டிப் பார்த்த ஆய்வாளர் அம்மாள், "நான் மாத்தக் கேக்க வரல, என்னதை மாத்தாதீங்கன்னு சொல்ல வந்தேன்" என்றார்.

ஒவ்வொருவரும் தன் கை எதைத் தேடுகிறது என்று சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் அக்கா கேட்டார்: "உங்க கை எதைத் தேடுது சார்?"

அவர் தயங்கினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "உண்மையைச் சொல்லட்டுமா? தலைவலி மாத்திரையை. அந்த இரைச்சல் மூணு நாளா மண்டையைக் குடையுது. மடியில வச்சா தொடை சுடுது."

"அதை எங்கிட்ட குடுங்க சார்!" என்று படப்பிரிவுக்காரர் கிட்டத்தட்டத் தாவினார். "எனக்குப் படம் ஓடினா போதும். என்னதை நீங்க எடுத்துக்குங்க. மெயில் படிக்க அதைவிடச் சுகமானது இல்ல."

ஒரு வாரத்துக்குள் என்றால் மாடலை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. யாரும் அதுவரை படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை விற்பனையாளர் மூன்று மாதிரிகளோடு வந்தார். "திரையைப் பாருங்க மேடம், நூறு கோடி நிறம்!"

"நூறு கோடியும் நீங்களே வச்சுக்குங்க. விசையைக் காட்டுங்க."

மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து அடித்துப் பார்த்தார். விசிறி இரையும் இடத்தில் காதை வைத்துக் காத்திருந்தார். ஓட்டைகளை நகத்தால் எண்ணினார். இருப்பதிலேயே அழகில்லாததைத் தேர்ந்தெடுத்தார். தடித்த உடம்பு, ஆழமான விசைகள், பன்னிரண்டும் நிஜ விசைகள். இயர்போனுக்கு ஓட்டை, ஓரத்தில் எண் விசைகள். கணக்கர் தனக்கும் அதையே கேட்டார்.

"பேட்டரி நாலு மணி நேரம்தான் மேடம் வரும்" என்றார் விற்பனையாளர் நேர்மையாக.

"திரையை அணைச்சு வச்சா?"

அவர் விழித்தார். அப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"ரொம்பக் கனம் வேற, மேடம்."

"இருக்கட்டும். நான் இதைத் தூக்கிட்டு எங்கயும் ஓடப் போறதில்ல. என்னை ஓட வைக்கத்தான் பார்த்தாங்க."

மாற்றத்துக்கான ஆணையை எழுத அதிகாரி அன்று மதியமே அக்காவைக் கூப்பிட்டார். அக்கா மாதிரிக் கணினியையே மேசையில் வைத்து, இயர்போனைச் சொருகி உட்கார்ந்தார். அதிகாரி நடந்துகொண்டே சொல்லச் சொல்ல விரல்கள் ஓடின. பணியாளரைக் கேட்ட பிறகே இனி கருவி வாங்கப்படும் என்று ஒரு வரி வந்தது. விசாரணை அறைத் தட்டச்சர் அதே பணியிடத்தில் தொடர்வார் என்று இன்னொரு வரி. அதிகாரி தொண்டையைச் செருமி, கனிவாக, "அன்னாரது குறைபாட்டைக் கருத்தில் கொண்டு, சிறப்புச் சலுகையாக..." என்றார்.

விரல்கள் நின்றன.

"என்னம்மா, விசை ஏதாவது வேலை செய்யலையா?"

"எல்லாம் வேலை செய்யுது சார். கணக்கருக்கு எண் விசை குடுத்தது என்ன, சலுகையா?"

"அது... அவர் வேலைக்குத் தேவை."

"படப்பிரிவுக்கு உங்க கணினி?"

"அதுவும் தேவைதான்."

அதிகாரி சன்னலுக்கும் நாற்காலிக்கும் இடையில் இரண்டு முறை நடந்தார். பிறகு தனக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

"சரிம்மா. அந்த வரியை எடுத்துடு. 'பணித் தேவை கருதி'ன்னு போடு."

"அப்படித்தான் சார் போட்டிருக்கேன். நீங்க சொல்லி முடிக்கட்டும்னு நிறுத்தினேன்."