நான் செய்யாத பொருத்தனை

ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் வாசிக்கிற சிலருக்கு இந்தச் சாட்சி பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் பாதியில் மூடி வைக்காமல் முழுதாக வாசியுங்கள். நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறேன்.

என் பெயர் பியூலா. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் எங்கள் ஊர். கோயிலுக்கு அடுத்த வீடு எங்களுடையது. எங்கள் பக்கத்தில் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். அப்பா குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம் அது. சாரல் தொடங்கியிருந்தது. ஞாயிறு ஆராதனையில் நான் பாடல் குழுவில் உட்கார்ந்திருந்தேன். காணிக்கை நேரத்தில், வேண்டுதலும் நேர்ச்சையும் எழுதிப் போடுகிற பொருத்தனைக் கவர்களைப் போதகர் சபைக்கு முன்னால் வாசிப்பது எங்கள் வழக்கம். ஒருவர் விசா கிடைக்க வேண்டுமென்று எழுதியிருப்பார், இன்னொருவர் குழந்தை பிறக்க வேண்டுமென்று எழுதியிருப்பார். அன்றைக்கு அம்மாவின் கவரும் இருந்தது.

"மகள் பியூலா அரசுப் பரீட்சையில் பள்ளியிலேயே முதலாவதாக வர வேண்டி, பரீட்சை முடியும்வரை பாடல் குழு, தோழிகள், செல்போன் ஆகிய மூன்றையும் விட்டுவிடுவதாக ஆண்டவருக்குப் பொருத்தனை."

சபை முழுவதும் ஆமென் சொன்னது. நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சண்டை போட்டேன். "என்னக் கேக்காம எப்படிம்மா எழுதுன?" என்று கத்தினேன். அம்மா கத்தவில்லை. அடுப்படியில் நின்று அழுதாள்.

"ஏட்டி, நான் ஒத்தையில நின்னு உன்ன வளக்குதேன். அப்பா ஊர்ல இல்லாத வீடு. நீ ஒரு எடத்துல சறுக்குனா என்னையத்தான் எல்லாரும் சொல்லுவாவ. பொருத்தனை பண்ணியாச்சு. இனி மாத்துனா ஆண்டவர் சும்மா விடுவாரா?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

எனக்கு இரண்டு தோழிகள். ஒருத்தி இசக்கியம்மாள். அவளுடைய அம்மாவுக்கு ஐந்தருவியில் நேந்திரம் சிப்ஸ் கடை. இன்னொருத்தி ரஹ்மத், மலையாளம் கலந்து பேசுகிற செங்கோட்டைக்காரி. ஆறாம் வகுப்பிலிருந்து மூவரும் ஒன்றாகத்தான் படித்தோம். படித்தோம் என்பதைவிட, பேசினோம் என்று சொல்வதுதான் சரி. பஸ்ஸில் நின்றுகொண்டே நான் அவர்களுக்குப் பாடம் நடத்துவேன். இசக்கி குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாள். அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லி முடிக்கும்போது எனக்கு அந்தப் பாடம் மனப்பாடம் ஆகியிருக்கும். நான் வகுப்பில் முதலாவது வந்துகொண்டிருந்தது இப்படித்தான். அம்மாவுக்கு இது தெரியாது. பிள்ளை பஸ்ஸில் அரட்டை அடிக்கிறாள் என்பது மட்டும்தான் அவள் காதுக்குப் போயிருந்தது.

பஸ்ஸை நிறுத்திவிட்டு என்னை வேனில் சேர்த்துவிட்டாள். வகுப்பாசிரியையிடம் சொல்லி என் பெஞ்சையும் மாற்றினாள். வீட்டுக்குத் தேடி வந்த இசக்கியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியே திருப்பி அனுப்பினாள். பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்குத் தெரியாமல் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அம்மா பார்க்காத இடத்தில் ஆண்டவர் பார்க்கமாட்டாரா? நான் விசுவாசி. "பொருத்தனைடி, பரீட்சை முடியட்டும்" என்று மட்டும் இசக்கியிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மாடி அறையில் புத்தகத்தோடு என்னைப் பூட்டாத குறைதான். காலையில் எழுந்ததும் படிப்பு, வேன் வந்து இறக்கியதும் படிப்பு. சாரலில் நனைய ஊரே குற்றாலத்துக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடல் குழு பாடும்போது கடைசி வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு படித்தும் ஒன்றும் தலையில் நிற்கவில்லை. மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுப் போட்டுப் பக்கமெல்லாம் மஞ்சளானதுதான் மிச்சம். காலாண்டுத் தேர்வில் ஏழாவது இடத்துக்கு இறங்கினேன்.

இறங்கியதும் எல்லாருக்கும் வாய் முளைத்தது. "மனசுல இன்னும் தோழிகள வச்சிருக்கா போல" என்றார் ஒரு அக்கா. "உபவாசம் எடுக்கச் சொல்லு" என்றார் இன்னொருவர். அம்மா எனக்கும் சேர்த்து உபவாசம் இருந்து மெலிந்துபோனாள். அறையிலேயே அடைந்து கிட, இன்னும் அதிகமாகப் படி என்று எல்லாரும் சொன்னார்களே தவிர, எப்படிப் படிக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. இயற்பியல் பரீட்சையில் ஒளிமின் விளைவைப் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. எத்தனை தடவை வாசித்த பாடம்! அந்தப் பக்கத்தில் படம் எந்த மூலையில் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. படத்தில் என்ன இருக்கிறது என்பது வரவில்லை. அதற்குப் பிறகு வந்த கேள்விகளும் போயின. பாதித் தாளை வெறுமையாகக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். பாஸ் ஆவேனா என்பதே சந்தேகமாக இருந்தது. இனி படிக்கவே வேண்டாம், எங்கேயாவது வேலைக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மாடி அறையில் இருந்தேன். பக்கத்தில் கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நான் பாட வேண்டிய பாகத்தை வேறு யாரோ தப்பாகப் பாடினார்கள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. முழங்காலில் நின்றேன். அதுவரை அப்படி நான் ஜெபித்ததே இல்லை.

"ஆண்டவரே, இந்தப் பொருத்தனையை நான் செய்யவில்லை. என் தோழிகள் எனக்கு நீர் கொடுத்தவர்கள். அவர்களை உமக்கே விலையாகக் கொடுத்தால்தான் எனக்கு மார்க் போடுவீரா? அப்படியென்றால் என்னிடமே நேராகச் சொல்லும், கேட்டுக்கொள்கிறேன். இல்லையென்றால், கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர்களில் ஒருத்தியை இந்த வீட்டுக்குள் கொண்டுவாரும். கேட்டுக்கு வெளியே இல்லை, வீட்டுக்குள்ளே."

மரியாதை இல்லாத ஜெபம் என்று நீங்கள் சொல்லலாம். அவர் அப்படி நினைக்கவில்லை. அதற்குச் சாட்சிதான் இனிமேல் எழுதப்போவது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பாடல் பவனி வீடு வீடாகப் போகும். கோயிலுக்கு அடுத்த வீடு என்பதால் எங்கள் வீட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். பவனி வந்தால் கதவைத் திறக்காத வீடு எங்கள் ஊரில் கிடையாது. சாவு விழுந்த வீடுகூடத் திறக்கும். அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் டிரம் சத்தம் கேட்டது. அம்மா கேட்டைத் திறந்தாள், கதவைத் திறந்தாள், பாடல் குழு முழுவதும் கூடத்துக்குள் வந்தது. முன்னால் சிவப்பு அங்கியும் தாடியும் முகமூடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா. வழக்கமான தாத்தாவைவிட ஒரு முழம் குள்ளம்.

பாட்டு முடிந்தது. தாத்தா எனக்கு மிட்டாய் கொடுத்தார். கையை விடவில்லை.

"ஏட்டி, நீதான பேசக்கூடாதுன்னு பொருத்தனை? நான் பேசக்கூடாதுன்னு இல்லேல்லா?"

முகமூடிக்குள்ளிருந்து வந்தது இசக்கியின் குரல். அம்மா தட்டில் கேக்கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பவனியை வெளியே போகச் சொல்ல முடியாதே!

"ஒளிமின் விளைவு எனக்குச் சுத்தமா வெளங்கலட்டி. வெளிச்சத்த எவ்வளவு கூட்டுனாலும் எலக்ட்ரான் ஏன் வெளிய வரமாட்டேங்கு? ஒனக்காவது தெரியுமா, தெரியாதா?"

நான் வாயைத் திறந்தேன். யோசிக்கவே இல்லை. "ஒவ்வொரு போட்டானும் தனித்தனியா வந்து மோதுதுட்டி. ஒரு போட்டானுக்குச் சத்து பத்தலன்னா, கூட்டமா வந்தாலும் ஒண்ணும் ஆகாது. வெளிச்சத்தக் கூட்டுனா ஆளுதான் கூடுது, சத்து கூடல. அதிர்வெண்ணக் கூட்டணும்" என்று ஆரம்பித்து, சமன்பாடு வரைக்கும் சொல்லி முடித்தேன். டிரம் அடிக்கிற பையன்கூடக் கேட்டுக்கொண்டு நின்றான். பரீட்சைத் தாளில் வராத அதே பதில் ஒரு வார்த்தை பிசகாமல் வந்தது. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இங்கன வந்த?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்ட்டுட்டு படுத்துருந்தேன். திடீர்னு தோணுச்சு, கேட்டுல விடலன்னா பவனியோட போவோம்னு. மெர்சி அக்காட்டப் போன் போட்டுக் கேட்டேன். சட்டை பெருசா இருக்கும் பரவால்லியான்னாவ."

பாடல் குழுவை நடத்துகிறவர் மெர்சி அக்கா. நான் முழங்காலில் நின்ற அதே ஞாயிற்றுக்கிழமை, அதே மத்தியானம். இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு நானும் ஒரு கவர் போட்டேன். போதகர் பிரித்து வாசிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, என்னைப் பார்த்துவிட்டு, பிறகு முழுதும் வாசித்தார். "என் பேரில் என் அம்மா செய்த பொருத்தனையை நான் ஏற்கவில்லை. அதில் கோபம் இருந்தால் ஆண்டவர் என்னிடம் கேட்கட்டும், அம்மாவிடம் வேண்டாம். நான் என் தோழிகளோடு சேர்ந்து படிப்பேன். பாடல் குழுவில் பாடுவேன். என்ன மார்க் வந்தாலும் இதே இடத்தில் நின்று சத்தமாகச் சொல்வேன். இது என் பொருத்தனை."

இதற்கு யாரும் ஆமென் சொல்லவில்லை.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். குவைத்திலிருந்து அப்பா கூப்பிட்டார். "நீ தோத்துட்டேன்னா உங்கம்மா இனி கோயில் வாசல மிதிக்க முடியாதுட்டி. அத மட்டும் மனசுல வச்சுக்கோ" என்றார். வைத்துக்கொண்டேன். இனி என் மார்க் என்னுடையது மட்டும் இல்லை. நான் தோற்றால் அம்மா தலை குனிய வேண்டும், கேட்ட ஜெபமும் பொய்யாகிவிடும்.

ஐயப்ப சீசன் முடிந்ததும் ஐந்தருவியில் கூட்டம் வடிந்துவிடும். இசக்கியின் அம்மா கடையைப் பாதி ஷட்டர் இறக்கி வைத்து, வெளியூர் ஆர்டருக்கு மட்டும் சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் அங்கேதான் எங்கள் படிப்பு. போன்கள் மூன்றும் காலி சிப்ஸ் டப்பாவுக்குள் போய்விடும். ஆளுக்கொரு பாடம். புத்தகத்தை மூடிவிட்டு மற்ற இருவருக்கும் நடத்த வேண்டும். திக்கினால், திக்கிய இடத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டு முதலிலிருந்து நடத்த வேண்டும். கேள்விக்குப் பதில் தெரியாதவள் நேந்திரங்காய் உரிக்க வேண்டும். கறை போக நாளாகும். ரஹ்மத்தின் விரல்கள் ஜனவரி முழுவதும் கறுப்பாக இருந்தன, பிப்ரவரியில் வெளுத்துவிட்டன. ஒரு நாள் குரங்கு வந்து வேதியியல் வினாவங்கியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதையும் ஞாபகத்திலிருந்தே எழுதிப் பார்த்தோம்.

இருட்டுகிறதற்குள் வீடு. நேரத்துக்குத் தூக்கம். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் தொடுவதில்லை, பாட்டு மட்டும்தான். பிப்ரவரியில் ரஹ்மத்தின் அக்கா கல்யாணத்துக்குப் போய் மருதாணி வைத்துக்கொண்டு பிரியாணி சாப்பிட்டு வந்தேன். "பரீட்சைய வச்சுக்கிட்டு கல்யாணமா?" என்று ஊர் கேட்டது. ஆமாம், கல்யாணம்தான்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு, மாணவர்களின் பேனாக்களை வைத்து ஜெபிக்கிற ஆராதனை நடந்தது. நான் மூன்று பேனா கொண்டுபோனேன். அம்மா பார்த்தாள். மறுநாள் காலையில் மூன்று டப்பாவில் லெமன் சாதம் கட்டி மேசைமேல் வைத்திருந்தாள்.

இயற்பியல் தாளைப் பார்த்ததும் பழைய பயம் வந்தது. பொய் சொல்லமாட்டேன். கண்ணை மூடி, "நீர் கொண்டுவந்து விட்டவள்தானே" என்று ஆண்டவரிடம் சொன்னேன். இசக்கி எதிரில் உட்கார்ந்து தாடியைச் சொறிந்துகொண்டு கேள்வி கேட்கிற மாதிரி நினைத்துக்கொண்டேன். அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். நேரம் முடிகிறவரை சொல்லிக்கொண்டே எழுதினேன்.

மே மாதம் முடிவு வந்தது. இயற்பியலில் தொண்ணூற்றெட்டு. பள்ளியில் நான் இரண்டாவது. அந்த ஞாயிறு எழுந்து நின்று, ஒவ்வொரு பாடமாக, சத்தமாகச் சொன்னேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "பொருத்தனைய மீறாம இருந்துருந்தா மொத எடமும் இவளுக்குத்தான்."

நான் உட்காரவில்லை. "மொத எடம் யாருக்குன்னு கேளுங்க. இசக்கியம்மாளுக்கு. நீங்க எல்லாரும் ஆமென் சொல்லி எங்க வீட்டு கேட்டுல நிறுத்துனீங்களே, அவளுக்கு" என்றேன்.

அம்மா எழுந்தாள். என்னை உட்காரச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஆண்டவர் என் பொருத்தனைக்குப் பதில் சொல்லல. எம் மவ ஜெபத்துக்குச் சொன்னாரு" என்றாள். சபையைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமென் சொல்லணும்னா இப்பச் சொல்லுங்க."

சபை சொல்வதற்கு முன்னால் நான் சொன்னேன்.

இப்போது திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கிறேன். விடுதி அறையில் யாராவது கதவை மூடிக்கொண்டு அழுதால் தட்டி, "எனக்கு இது புரியல, சொல்லித் தா" என்று கேட்கிறேன். பரீட்சைக்கு முன்னால் நிற்கிற பிள்ளைகளே, பயமென்றால் அவரிடம் சண்டை போட்டாவது கேளுங்கள், அவர் தாங்குவார். பெற்றோர்களே, பிள்ளைகளைக் கேட்காமல் அவர்கள் பேரில் கவர் போடாதீர்கள். இப்படிச் சொல்வதற்கு என்மேல் கோபித்தாலும் பரவாயில்லை, எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார்.

டிசம்பரில் பவனி எங்கள் வீட்டிலிருந்துதான் தொடங்கும். தாத்தா வேஷத்துக்குப் பையன்கள் இப்போதே போட்டி போடுகிறார்களாம். அது இசக்கிக்குத்தான் என்று மெர்சி அக்காவிடம் சொல்லி, அந்தச் சிவப்புச் சட்டையை வாங்கிக் கையைச் சுருக்கித் தைத்து வைத்திருக்கிறாள் அம்மா.