இரண்டு தட்டு

சிங்களவர் நாட்டு மலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பஜாரில், எங்கள் கடையும் வீடும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருந்தன. முன்னால் பலசரக்குக் கடை, நடுவில் ஓர் அறை, பின்னால் அடுப்பங்கரை. அடுப்பங்கரைக்கு மேலே, கூரைக்குக் கீழே, ஒரு பரண். மழை பிடித்துக்கொண்டால் அந்த பஜாரில் எதுவும் காயாது. மிளகாய் பூசணம் பூக்கும். உப்பு கரைந்து சட்டியை விட்டு வழியும். அடுப்புப் புகை போய் முட்டும் பரண் ஒன்றுதான் வீட்டில் உலர்ந்த இடம். அண்ணி தன் சமையலுக்கு வேண்டியதையெல்லாம் அங்கேதான் வைத்திருந்தார்: வடகம், வற்றல், புளி, மிளகாய், ஊரிலிருந்து வந்த கருவாட்டுப் பானை. மூங்கில் ஏணியைச் சாத்தி ஒரு நாளைக்குப் பல தடவை ஏறி இறங்குவார்.

1930களின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில் அண்ணி ஏணி வழுக்கிக் கீழே விழுந்தார். கணுக்கால் முறிந்தது. கட்டுப் போட்டு எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்தக் கால் அதன் பிறகு முழு பாரம் தாங்கவில்லை. அண்ணன் ஏணியைத் தூக்கிக் கடைக்குப் பின்னால் போட்டார். “இனிமே நீ ஏறக் கூடாது” என்று மட்டும் சொன்னார்.

முதலில் சில நாள் அண்ணி எங்களைக் கேட்டார். “தம்பி, ரெண்டு கை மொளகா எடுத்துத் தாங்க.” நான் கடையில் ஆள் நிற்கிறது என்பேன். அண்ணன் இதோ வருகிறேன் என்பார். வருவதற்குள் எண்ணெய் காய்ந்து புகையும். ஏறினாலும் புளிப்பானை எது, கருவாட்டுப் பானை எது என்று தெரியாமல் இருட்டில் தடவுவோம். அண்ணி கீழே நின்று, “அந்தப் பக்கம் இல்லிங்க, எடது கைப் பக்கம். அது இல்லிங்க, அதுக்குப் பின்னால” என்று சொல்லிக்கொண்டிருப்பார். பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கடையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை வைத்துச் சமைத்தார். குழம்பில் வடகம் இல்லை, ரசத்தில் பழைய புளி இல்லை. குறை சொல்லும்படி எதுவும் இல்லை. சாப்பாடு வேறு யாரோ சமைத்தது போல இருந்தது.

அண்ணன் மெச்சியோ குறை சொல்லியோ சாப்பிடுகிறவர் அல்ல. ஒரு நாள் மதியம் சோற்றைப் பிசைந்தபடியே பரணை அண்ணாந்து பார்த்தார். 

“கடைச் சாமான் வெக்க எடம் பத்தல. பரணப் பிரிச்சுப் புதுசாப் போடணும்” என்றார்.

கடையில் இடம் இருந்தது. அது எங்கள் மூவருக்குமே தெரியும்.

தச்சு வேலைக்கு ஒரு சிங்கள பாஸ், அதாவது மேஸ்திரி, வந்தார். அண்ணன் அவருக்குச் சொன்ன திட்டம் நான் எதிர்பார்த்ததைவிட நுணுக்கமாக இருந்தது. பரண் நடுவே சதுரமாக ஒரு திறப்பு. அதற்குக் கீழே ஏணிக்குப் பதிலாக அகலமான மரப்படிகள், ஒரு பக்கம் கைப்பிடி. மேல் படியில் நின்றால் தலையும் தோளும் பரணுக்குள் இருக்கும். திறப்பைச் சுற்றிக் கை எட்டும் தூரத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டு. தவழ வேண்டாம், தடவ வேண்டாம். நின்ற இடத்தில் திரும்பினால் போதும்.

“சாக்கு மூட்ட வெக்கவா இவ்வளவு சின்னத் தட்டு, மொதலாளி?” என்று பாஸ் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“சொன்னதச் செய்ங்க பாஸ்” என்றார் அண்ணன்.

பலகைகள் வந்து இறங்கிய அன்று நான் ஸ்டேஷனுக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தேன். அந்த நேரத்தில், கட்டட வேலைகளைக் கண்காணிக்கும் ஊர்ச் சபை ஓவர்சியர் பஜாரைச் சுற்றி வந்திருக்கிறார். பலகைகளைப் பார்த்துவிட்டு, என்ன வேலை நடக்கிறது என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். அண்ணனுடைய சிங்களம் கடைச் சிங்களம். அரிசிக்கும் பருப்புக்கும் போதும். கடைச் சாமான் வைக்க இரண்டு தட்டு போடுகிறேன் என்று சொல்ல நினைத்து, “தட்டு தெகக் தானவா” என்று சொல்லியிருக்கிறார். நமக்குத் தட்டு என்றால் பலகைத் தட்டு. சிங்களத்தில் தட்டு என்றால் மாடி. இருந்த ஒற்றைக் கூரைக்கு மேல் இரண்டு மாடி எழுப்பப் போவதாக அண்ணன் மரியாதையாக அறிவித்திருக்கிறார்.

மறுநாள் காலையில் சபைப் பியூன் வந்து, வேலையை நிறுத்தச் சொன்னான். ஓவர்சியர் நேரில் வந்து பார்க்கும் வரை ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாதாம். பக்கத்துக் கடைக்கார முஸ்லிம் நானா தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன மொதலாளி, மாடி எழுப்புறீங்களாமே? மேல தோட்டத்துத் தொரமாருக்கு ஓட்டல் போடப் போறீங்களா?”

“மாடியா? யாரு சொன்னா?”

“நீங்கதான் சொன்னீங்களாம். ரெண்டு மாடியாம். அப்புறம் எங்க கூரைக்கு வெயிலே வராது பாருங்க.”

“வெயில் இப்ப மட்டும் வருதாக்கும்” என்றார் அண்ணன். சிரிக்கவில்லை.

பழைய பரணை அதற்குள் பிரித்தாகிவிட்டது. அண்ணியின் பானைகளும் மூட்டைகளும் நடு அறையில் சாக்குப் படுதாவுக்குக் கீழே கிடந்தன. ஓவர்சியர் வரவில்லை. மழை நிற்கவில்லை. அண்ணி தினமும் படுதாவைத் தூக்கி, வடகத்தை எடுத்து அடுப்போரம் பரப்பி, மறுபடி கட்டி வைப்பார். ஒரு மூட்டை மிளகாயில் வெள்ளை படர்ந்திருந்தது. அதைக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து, “என்னாங்க, பழைய பரணையே போட்டுக் குடுத்துருங்க. எனக்கு ஒண்ணும் வேணாம்” என்றார்.

 அன்று பிற்பகல் அண்ணன் கடையை என்னிடம் விட்டுவிட்டுக் குடையோடு போனார். திரும்பும்போது ஓவர்சியரும் கூட வந்தார்.

நல்ல மனிதர். உள்ளே வருமுன் காலில் போட்டிருந்த சப்பாத்தின் சேற்றைப் படியில் தேய்த்துவிட்டு வந்தார். விதிகளைச் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். ஆள் படுக்கும் இடமானால் அது அறை. உயரம் வேண்டும், ஜன்னல் வேண்டும். சாமான் வைக்கும் இடமானால் கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போகும் இடைவெளியை அடைக்கக் கூடாது, எலி ஒளியும்படி மூடிய பலகை போடக் கூடாது. படியைச் சுவரிலும் தரையிலும் பொருத்திக் கட்டிவிட்டால், மாடி இல்லை என்று தான் சொன்னாலும் சபை நம்பாது. பிறகு ஒரு கேள்வி கேட்டார். கடைச் சாமான் வைப்பதற்குக் கைப்பிடி வைத்த படி எதற்கு? கடை ஆள்கள் ஏணியில் ஏறமாட்டார்களா?

பாஸ் அண்ணனைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அண்ணன் யாரிடமும் ‘என் மனைவி’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆள்கள் அப்படிச் சொல்வதில்லை. ‘வீட்டுல’ என்பார்கள், அதற்கு மேல் இல்லை. அன்று சிங்களத்தில் அவருக்கு அந்தச் சுற்றுவழி தெரியவில்லை. நேராகத்தான் சொல்ல முடிந்தது.

“மகே நோனாட்ட இனிமகே நகின்ன பே.” நோனா என்றால் மனைவி: என் மனைவியால் ஏணியில் ஏற முடியாது. கொஞ்சம் நிறுத்தி, கால் சரியில்லை என்று சொல்லிவிட்டு, தெரிந்த வார்த்தைகளைப் பொறுக்கி மேலும் சொன்னார்: இது அவளுடைய சாமான், கடையுடையது அல்ல; அவளே எடுக்க வேண்டும்.

ஓவர்சியர் அடுப்பைப் பார்த்தார், கறுத்த உத்திரத்தைப் பார்த்தார், அடுப்போரம் பரப்பியிருந்த வடகத்தைப் பார்த்தார். “மே தும்மெஸ்ஸக் நே” என்றார். இது புகைப்பரண்தானே. தன் தாயார் வீட்டிலும் ஒன்று இருந்ததாகவும், கறிக்குப் புளிப்பாகப் போடும் கொறுக்காய் அதில்தான் காயும் என்றும் சொன்னார். பலகைக்குப் பதில் சட்டம் சட்டமாக இடைவெளி விட்டு அடியுங்கள், படியைப் பொருத்தாமல் மேலே இரும்புக் கொக்கியில் மாட்டுங்கள் என்று பாஸிடம் காட்டிவிட்டு, ஒரு வெற்றிலை வாங்கிக்கொண்டு போனார்.

அண்ணி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். தினமும் காய்கறிக்காரப் பெண்களோடு பேரம் பேசுகிறவருக்கு அண்ணனைவிட நல்ல சிங்களம் தெரியும். அதை அண்ணன் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வேலை முடிந்ததும் அண்ணன் முதலில் தான் ஏறிப் படியை ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னை ஏற்றிப் பார்த்தார். பிறகும் படியைப் பிடித்தபடியே நின்றார்.

“தள்ளி நில்லுங்க” என்றார் அண்ணி. “நோனா ஏறணும்.”

அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை. அதற்குள் அவர் திரும்பி, ஆளே இல்லாத கடைக்குள் போய்விட்டார்.

அண்ணி நல்ல காலை முதலில் வைத்து, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினார். மேல் படியில் போய்த் திரும்பினார். நான் பானைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். நான் நீட்டிய வரிசையில் அவர் எதையும் வைக்கவில்லை. வாங்கி, திறந்து முகர்ந்து, தன் மனதில் இருந்த இடத்தில் வைத்தார்.

இரவு குழம்பில் வடகம் இருந்தது. அண்ணன் இன்னொரு தடவை சோறு வாங்கிக்கொண்டார். சில நாள் கழித்துக் கடைக்குக் கொஞ்சம் புளி தேவைப்பட்டு, நானே படியேறிப் போய்த் தேடினேன். எங்கே என்ன இருக்கிறதென்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. இறங்கி வந்து அண்ணியைக் கேட்டேன்.

“இருங்க தம்பி, கை வேலயா இருக்கேன்” என்றார். காத்துக்கொண்டிருந்தேன்.