அம்மன் தலைக்கு மேல் நீல விளக்கு

தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷினில் புற ஊதா விளக்கை மாற்ற வந்தவர், "நேரா பாக்காதீங்கம்மா, கண்ணு போய்டும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பதுகளில், ஜமுனாமரத்தூருக்கு மேலே எங்கள் ஊர்த் திருவிழாவில், ஆஸ்பத்திரியில் கிருமி கொல்ல வைத்திருந்த விளக்கைக் கொண்டுவந்து அம்மன் தலைக்கு மேல் கட்டினான் கம்பவுண்டர். அழகுக்காம்! நீல வெளிச்சத்தை ஊரே அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டது. விடிந்தபோது மணலைக் கொட்டியதுபோல் எல்லார் கண்ணும் எரிந்தது.

"தீட்டு பட்டுட்ச்சி, அம்மனுக்குக் கோவம்" என்றார் பூசாரி. பிள்ளை பெற்று மாதம் ஆகாத என் அம்மா ஓரமாக நின்று பார்த்ததுதான் குற்றமாம். திறக்க முடியாத கண்ணோடு, ஈரப்புடவையில் விழுந்து விழுந்து கும்பிட்டாள்.

"நல்லா மன்னிப்பு கேட்டுக்கம்மா" என்றான் கம்பவுண்டரும்.

முந்தின நாள் விளக்கைப் போடும்போது அவன் மட்டும் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தான். ஸ்டைலுக்கு என்று நினைத்தோம்.