பெயருக்குப் பக்கத்தில் இருந்த எழுத்து

ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் நானும் அவளும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் விருதுநகர்ப் பக்கம், அவள் தேன்கனிக்கோட்டை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரே அறையில் தங்கினோம். வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னும் ரெண்டு வருசம் வேலை பாக்கறேன்" என்று சொல்லியே தள்ளிப்போட்டாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எந்த மெஷினில் எத்தனை பீஸ் ஓடியது என்று எடுத்து சர்வரில் சேர்க்கும் புரோகிராம் அவள் எழுதியது. அதைப் பற்றிப் பேசும்போது அவள் குரலே மாறிவிடும்.

2007 மழைக்காலத்தில் சர்வர் தவழ ஆரம்பித்தது. ஒரு பில் அடிக்க இருபது நிமிடம் ஆனது. கேட்டில் லாரிகள் நின்றன. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"எது இழுக்குதுன்னு எனக்கு இன்னிக்கே தெரியணும்மா."

சர்வரில் ஓடும் வேலைகளையெல்லாம் வண்ணப் பட்டைகளோடு வரிசையாகக் காட்டும் எச்-டாப் என்ற கருவியைப் பற்றிப் படித்திருந்தேன். சர்வருக்கு இன்டர்நெட் கிடையாது. பிரவுசிங் சென்டருக்கு ஓடிப்போய் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவினேன். அது இல்லை, இது இல்லை என்று மூன்று தடவை நின்றுவிட்டது. நாலாவது தடவை கறுப்புத் திரையில் பச்சையும் சிவப்புமாக எழுந்து வந்தது. எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையோடு, ஒழுங்காகப் படித்துக்கூடப் பார்க்காமல், மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

திரை முழுக்க ஒரே லாகின் பெயர், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நாற்பது வரி.

"யாருதும்மா இது?"

அவள் அடுத்த மேஜையில்தான் இருந்தாள். டைப் அடிக்கும் சத்தம் நின்றது. நான் திரும்பாமலே அவள் பெயரைச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"எம்பேரு இருந்துச்சு, சரி. பக்கத்துல என்ன எழுத்து இருந்துச்சுன்னு பாத்தியா?"

"இல்லடி."

"D. டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். முதல்ல போனது முடியாம நிக்கும்போதே அடுத்தது கிளம்புது, அதான் அத்தனை வரி. எம்புரோகிராம் எதையும் இழுக்கல. டிஸ்க்குதான் சாகப்போகுது. நீ சொன்னா அவரு கேப்பாரு. நான் சொன்னா தப்பிக்கப் பாக்கறேன்னுதான் நினைப்பாரு."

"நாளைக்குச் சொல்றேன்டி."

மறுநாள் மேனேஜர் எல்லார் முன்னாலும், "ஒரே நாள்ல கண்டுபிடிச்சுட்டாங்க பாருங்க" என்று என்னைக் காட்டிச் சொன்னார். அதற்கப்புறம் டிஸ்க்கைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவள் என்னைக் கேட்கவே இல்லை. மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பெட்டியைக் கட்டி ஆட்டோவில் ஏற்றினாள். நான் தூக்கப்போனபோது, "விடு, நானே தூக்கிக்கறேன்" என்றாள்.

அவளுடைய புரோகிராமை நாங்கள் நிறுத்திய பிறகும் சர்வர் தவழ்ந்துகொண்டுதான் இருந்தது. மூன்று வாரத்தில் டிஸ்க் செத்தது. மாற்ற வந்த இன்ஜினியர், "இது ரொம்ப நாளா இழுத்துக்கிட்டு இருந்திருக்கு மேடம்" என்றார். நேராக மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் முன்பே சொன்னதையும் சேர்த்து.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. இப்ப வேற ஆள் போட்டாச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தேன்கனிக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் புதுச் சேலைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை போய்விட்டதால் தள்ளிப்போட அவளிடம் காரணம் இல்லை. மாலூர்ப் பக்கம் மாப்பிள்ளை, அடுத்த மாதம் கல்யாணம். அவள் அம்மா எனக்குக் காபி கொடுத்து, "நீயாவது அடிக்கடி வந்து போம்மா" என்றார். மகள் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

பின்பக்கம் கூட்டிப்போனாள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"டிஸ்க்கு போச்சுன்னா நான் சொன்னது சரிதான்" என்றாள். ஒரு கணம் அவள் முகம் பழைய மாதிரி ஆனது. பிறகு சொன்னாள்: "அவரு யாருதுன்னு கேட்டப்ப நீ என்னைத் திரும்பிப் பாத்திருந்தாக்கூடப் போதும்டி. கல்யாணத்துக்கு வராத. வந்தா நான் அழுதுருவேன்."

திங்கட்கிழமை முதல் வேலையாக எச்-டாப்பை நீக்கினேன். ஒரே கட்டளை. அழிகிற கோப்புகளின் பெயர்கள் நாலைந்து வரி மேலே ஓடின, அவ்வளவுதான். மேனேஜர், "அந்தக் கலர் கலராத் தெரியுமே, அது எங்கம்மா?" என்று கேட்டார். எடுத்துவிட்டேன் என்றேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அறை வாடகைக்கு வேறு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் வீட்டுக்காரம்மா. இரண்டு மாதம் யாரையும் சேர்க்காமல் தனியாக இருந்தேன். அவள் எங்காவது மறுபடி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.