நரைக்கு நாங்கள் சொன்ன பொய்

என் தம்பிக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தபோது வீட்டில் யாரும் பயப்படவில்லை. மேல்மலைக் கிராமமான கிளாவரையில் பூண்டு மூட்டைகளை ஏற்றி, வாரத்தில் நான்கு நாள் கொடைக்கானலுக்கு வண்டி ஓட்டுகிறவன் அவன். அந்தக் குளிருக்கு மூக்கு வெடிக்காமல் என்ன செய்யும் என்றேன். தொடையில் நீலம் பாரித்திருந்ததைக் காட்டினான். மூட்டை இடித்திருக்கும் என்றேன். ஈறில் ரத்தம் கசிகிறது என்றான். பிரஷ்ஷை மாற்று என்றேன். எங்கள் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையோடு இருக்கும். போதாததற்கு நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். காரணம் சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

கொடைக்கானலில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. சாலையிலிருந்து படியேறி வர வேண்டும். ஒரு நாள் பட்டாணி மூட்டையோடு வந்தவன் பாதிப் படியில் மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்துப்போயிருந்தது. அன்று மாலையே பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தேன். பரிசோதனைக்கூடத்துக்காரர் சீட்டு அனுப்பாமல் என்னைக் கூப்பிட்டே பேசினார்.

“டீச்சர், மூணு வகை அணுவும் கொறஞ்சு கெடக்குங்க. மிஷின் கோளாறோன்னு ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேன். வெரசா கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.”

நானும் என் கணவரும் அவனைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கினோம். பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். ரத்தம் ஊற வேண்டிய இடத்தில் வெறும் கொழுப்புதான் இருந்தது. டாக்டர் என்னைவிடப் பத்து வயது இளைய பெண். நிதானமானவர். ஒரு தாளில் ஆண்களுக்குக் கட்டமும் பெண்களுக்கு வட்டமும் போட்டு எங்கள் குடும்பத்தை வரைந்தார். வருடாவருடம் பத்தாம் வகுப்புக் கரும்பலகையில் பட்டாணிச் செடியை வைத்து நான் நடத்தும் அதே பரம்பரைப் பாடம். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

“குடும்பத்துல யாருக்காவது நுரையீரல் கெட்டுப்போயிருக்கா?”

அப்பா ஐம்பத்தெட்டு வயதில் மூச்சு விட முடியாமல் இறந்தார். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவர். “கடையில சூடப் புகைங்க. ஆஸ்துமா மாதிரி” என்றேன்.

“கல்லீரல்?”

சித்தப்பா நாற்பத்தாறில் வயிறு வீங்கி இறந்தார். அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்தவரில்லை. ஆனால் வயிறு வீங்கிச் செத்தவனை ஊர் என்ன சொல்லும்? அதனால் மாரடைப்பு என்று சொல்லிவைத்திருந்தோம். டாக்டரிடமும் அதையே சொன்னேன்.

“சின்ன வயசுலேயே நரை விழுந்தவங்க?”

என் வலப்பக்கம் கணவர் உட்கார்ந்திருந்தார்.

“இல்லைங்க டாக்டர்.”

எனக்குப் பத்தொன்பது வயதில் முன்நெற்றி நரைத்துவிட்டது. பெண் பார்க்க வருவதற்கு முந்தின வாரம் அம்மா அடுக்களைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு சாயம் கலக்கினார். புருஷன் வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முறை குளியலறைக் கதவை மூடிக்கொள்கிறேன். இருபத்திரண்டு வருடமாக இது ஒரு சோலி.

ஆண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. தைப்பூசம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம் என்று எங்கள் வீட்டு ஆண்கள் வருடத்துக்கு மூன்று முறை மொட்டை போட்டுக்கொள்வார்கள். குடும்ப வேண்டுதல். தம்பியும் விட்டதில்லை. பழனியில் மொட்டைத் தலையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? எதற்காக வேண்டிக்கொண்டது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இப்போது எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இருபது வயதில் தலை வெளுத்த எவரோ ஒருவர், வெளியே சொல்லக்கூடிய ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

நான் சொன்னதை வைத்து இது பரம்பரை நோயாக இருக்காது என்று டாக்டர் எழுதினார். உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால் மாற்றிவிடலாம் என்றார். என் ரத்தத்தைப் பார்த்தார்கள். முழுதாகப் பொருந்தியது. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் கேன்டீனில் கேசரி வாங்கிச் சாப்பிட்டோம்.

“அக்கா, ஒன் மஜ்ஜ ஏறுனா எனக்கும் ஒன்ன மாதிரி வாய் நீண்டுருமா?” என்றான் தம்பி.

“நீண்டா நல்லதுதான். யாவாரத்துக்கு ஆகும்” என்றேன்.

நாள் குறித்தார்கள். அதற்குப் பத்து நாள் முன்னால், கொடுப்பவளான என்னைச் சோதிக்க மறுபடி வரச் சொன்னார்கள். கை நரம்பைத் தேடிக்கொண்டே அந்த நர்ஸ் பேச்சுக் கொடுத்தாள். “மேடம், இந்த வயசுலயும் முடி என்ன கருகருன்னு இருக்கு. என்ன எண்ணெய் தேய்க்கிறீங்க?”

வழக்கமாக அதற்கு ஒரு பதில் வைத்திருப்பேன். அன்று சிரிஞ்சில் என் ரத்தம் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதுதான் தம்பிக்குள் போகப்போகிறது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும் ஓரளவு தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே டாக்டர் அறைக்குப் போனேன். கணவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

“எனக்குப் பத்தொன்பது வயசுலேயே நரைச்சிருச்சுங்க. சாயம் அடிக்கிறேன்” என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தம்பியைக் கூப்பிட்டு விரல்களை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். நகங்கள் வரிவரியாகப் பிளந்திருந்தன. பூண்டு உரித்து உரித்து அப்படி ஆகிவிட்டது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். நாக்கை நீட்டச் சொன்னார். ஓரத்தில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அதற்கு வெற்றிலைச் சுண்ணாம்பைக் காரணம் சொல்வோம். பிறகு அப்பாவைப் பற்றியும் சித்தப்பாவைப் பற்றியும் முதலிலிருந்து கேட்டார். அம்மாவுக்கு போன் போட்டேன்.

“அதையெல்லாம் இப்ப எதுக்கும்மா கெளறுத? ஒங்க வீட்டுக்காரரு பக்கத்துல இருக்காரா?”

“இல்லம்மா. அப்பாவுக்கு எந்த வயசுல நரச்சுச்சு? அத மட்டும் சொல்லுங்க.”

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கல்யாணத்தன்னைக்கே மொட்டதான். ஒங்கப்பாவுக்குக் கறுத்த முடிய நான் பாத்ததே இல்ல.”

போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். டாக்டர் அப்பாவின் கட்டத்தைக் கறுப்பாக நிரப்பினார். அடுத்து சித்தப்பாவை. அடுத்து தம்பியை. என் வட்டத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டார்.

அவர் விளக்கியது இதுதான். செல்லுக்குள் இருக்கும் ஒவ்வொரு குரோமோசோமின் நுனியிலும் டெலோமியர் என்று ஒரு காப்புப் பகுதி உண்டு. செல் பிரியப் பிரிய அது தேயும். சிலருக்குப் பிறக்கும்போதே அது குட்டையாக இருக்கும்.

“நைலான் கயித்து நுனி பிரியாம இருக்கத் தீக்குச்சியில கருக்கி விடுவோம்ல, அது மாதிரியா டாக்டர்?” என்றான் தம்பி.

“அதேதான். உங்க வீட்டுக் கயித்துல அது போதலை. ரத்தம், நுரையீரல், கல்லீரல், முடி, நகம்னு எங்கே வேணாலும் பிரியும். அதனாலதான் ஒரே நோய்னு தெரியாது.” பிறகு என்னைப் பார்த்தார். “இன்னொண்ணு. தலைமுறைக்குத் தலைமுறை அது இன்னும் குட்டையாகும். அப்பாவுக்கு வந்ததைவிடப் பிள்ளைக்கு முன்னாடியே வரும்.”

குறித்த நாளை ரத்து செய்தார்கள். இந்த நோயை ஆராய்கிற ஒரு கூடத்துக்கு எங்கள் இருவரின் ரத்தமும் போனது. அப்பாவிடமிருந்து வந்த பழுதான ஜீன் தம்பியிடம் இருந்தது. என்னிடமும் இருந்தது. மஜ்ஜை மாற்றுவதற்கு முன் கொடுக்கும் கடுமையான மருந்தை முன்பு திட்டமிட்டபடி கொடுத்திருந்தால் அவன் நுரையீரல் தாங்கியிருக்காது என்றும், தாங்கியிருந்தாலும் என் மஜ்ஜை அவனுக்குள் போய் அதேபோல வற்றியிருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். பரம்பரையைக் கரும்பலகையில் நடத்திவிட்டு அதே பரம்பரையைப் பற்றிப் பொய் சொன்ன என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தம்பி கேட்டது ஒரே கேள்விதான். “அப்ப அக்காவுக்கும் வருமா?”

பஸ்ஸில் திரும்பும்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை பார்ப்பவர். எந்தச் செய்தியையும் முகம் மாறாமல் கேட்டுக்கொள்ளத் தெரிந்தவர். சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலைப்பாதையில் இரண்டு வளைவு தாண்டியதும், “பாப்பாவுக்கு?” என்றார்.

பாப்பா எங்கள் ஒரே மகள். மதுரையில் கல்லூரியில் முதல் வருடம். அவளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமன் என் தம்பிதான். அவனுக்குக் கல்யாணமாகவில்லை. வெளியில் மஜ்ஜை கொடுப்பவர்களின் பட்டியலில் தேடியும் யாரும் பொருந்தவில்லை. கடைசியாக டாக்டர் ஒரு வழி சொன்னார். நான் அவனுக்கு முழுதாகப் பொருந்துவதால் என் மகள் எப்படியும் பாதி பொருந்துவாள். இப்போது பாதி போதும். ஆனால் அவளிடம் அந்தப் பழுது இருக்கக்கூடாது. அது இருப்பதற்கும் இல்லாமலிருப்பதற்கும் சரிபாதி வாய்ப்பு.

நான் அவளிடம் சொல்லவே இல்லை. தம்பியும் சொல்லவில்லை. அவள் அப்பா சொல்லிவிட்டார்.

“நான் குடுக்கேன்மா” என்று போன் செய்தாள்.

“குடுக்குறதுக்கு முன்னாடி டெஸ்ட் எடுக்கணும். எடுத்தா ஒனக்கு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிரும். தெரிஞ்சத மறுபடி தெரியாம ஆக்க முடியாது. ஒனக்கு வயசு பதினெட்டு.”

“மாமாவுக்கு வேற யாரும்மா இருக்கா?”

டாக்டரும் அவளைத் தனியாக உட்கார வைத்து நான் சொன்னதையே சொல்லிப் பார்த்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

முடிவு வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். தம்பிக்குக் கொடைக்கானல் உயரத்தில் மூச்சு வாங்கியதால் பழனியில் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டோம். வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றினோம். பிறகு அது வாரத்துக்கு இரண்டானது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே இருந்தேன். சாயம் அடிப்பதை விட்டுவிட்டேன். அந்த ஆறு வாரமும் நான் முருகனிடம் கேட்டது ஒன்றுதான். தம்பிக்கும் மகளுக்கும் சேர்த்துக் கேட்டேன். ஒரே தாளில்தான் இருவருக்கும் முடிவு வரப்போகிறது.

முடிவு வாங்க மகளை என்னோடு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் எனக்குச் சொல்லாமல் தனியாகப் போய் வாங்கிவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பழனி வீட்டுக்குள் நுழைந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். தம்பியின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சிருங்க மாமா. என்னால குடுக்க முடியாது.”

தனக்கு அது இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. கொடுக்க முடியாமல் போனதற்குத்தான் வருத்தப்பட்டாள். எத்தனையோ ஊசிக்கும் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் இருந்த என் தம்பி எழுந்து உட்கார்ந்து, அவள் தலையைத் தன் முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான். அம்மா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்.